பிடுங்கிப் பார்த்த பிறகே கேக்

பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காக எதையாவது அப்படியே நம்பியிருக்கிறீர்களா?

ஹிஸ்கெ ஹூக்ஸ்ட்ரா நம்புவதில்லை. இதோ, சைக்கிள் விளக்கைப் பல்லில் கடித்தபடி, இரும்பு அலமாரிக்குப் பின்னால் முழங்காலிட்டு, ஒரு மின்கம்பியைத் தேடிக்கொண்டிருக்கிறார். மேசைமேல் இளஞ்சிவப்புப் பாகு பூசிய ஓரான்யகுக் வெட்டப்படாமல் இருக்கிறது. ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் ஒரு வேலை முடிந்தது என்றால் இந்தக் கேக் வந்தாக வேண்டும். கால்வாய் ஓரத்து வாடகைக் குடியிருப்போர் சங்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. புதிதாக எதை நிறுவினாலும், ஹிஸ்கெ ஒரு கணினியின் மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்க்கும்வரை கத்தி கேக்கில் இறங்கக் கூடாது.

ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, குள்ளமானவர். தேநீரை ஆறவைத்து, அதை மறந்துபோய், பச்சைத் தண்ணீராகக் குடிப்பார். பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை நின்றபடியே தின்பார். 'சராசரி' என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் உட்கார்ந்துவிடுவார். சண்டைக்குத் தயார் என்று அர்த்தம். உயரமான சக ஊழியர் டௌவெயிடம் ஒருமுறை சொன்னார்: "சராசரியா பாத்தா நீயும் நானும் நடுத்தர உயரம்தான்டா. அப்புறம் ஏன் மேல் தட்டுல இருக்கற காப்பிப்பொடி எனக்கு எட்ட மாட்டேங்குது?"

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. இவ்வூரின் வாடகை வீடுகளில் சுவர்கள் கறுத்துப் பூஞ்சை பிடிக்கின்றன. வீட்டு நிறுவனம் மாதச் சராசரியை நீட்டி, 'ஈரப்பதம் சரியாகத்தான் இருக்கிறது. ஜன்னலைத் திறக்காதது உங்கள் குற்றம்' என்கிறது. ஏழையின் சுவர் ஒழுகினாலும் குற்றவாளி ஏழைதான்! அதனால்தான் சங்கம் வீடு வீடாகச் சின்ன உணரிகளை மாட்டியது. அறையின் ஈரமும் வெப்பமும் நிமிடத்துக்கு நிமிடம் இங்கே வந்து சேர்கின்றன. மழை பெய்த மறுகணம் சுவர் எப்படி நனைந்தது என்பதைச் சராசரி விழுங்கிவிடும். நேரவரிசையில் சேமித்த அளவுகள் விழுங்குவதில்லை.

இத்தனை நாள் அவற்றை ஒரே ஒரு வாடகைக் கணினி சுமந்தது. அதன் வட்டு தேயத் தொடங்கியதால், மூன்று கணினிகளைச் சேர்த்து ஒரு கூட்டமாக்கி, அதில் புதிய தரவுத்தளத்தை நிறுவினார்கள். நிரல்கள் கன்டெய்னர் எனப்படும் தனித்தனி மென்பொருள் பெட்டிகளில் இருக்கும். எந்தக் கன்டெய்னர் எந்தக் கணினியில் ஓடுவது என்பதைக் கூட்டத்தின் மேலாளர் நிரல் முடிவு செய்யும். ஒவ்வோர் அளவுக்கும் மூன்று நகல்கள். அமைப்பை எழுதியவர் டௌவெ. பழைய அளவுகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. எல்லா விளக்கும் பச்சை.

கேக்கைக் கொண்டுவந்தவர் யோர்தானோஸ். எரித்ரியாவிலிருந்து வந்து இங்கே பேருந்து ஓட்டுபவர். வியாழக்கிழமை வாடகைத் தீர்ப்பாயத்தில் அவருடைய வழக்கு. பூஞ்சை பிடித்த அறையில்தான் அவர் மகன் மூச்சிரைத்து உறங்குகிறான். அந்த அறையின் அளவுகளைத் தவிர அவரிடம் வேறு சாட்சி இல்லை.

"ஹிஸ்கெ, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு," என்றார் சங்கச் செயலாளர் ரைட்ஸ. "பழைய மெஷினை எடுத்துட்டுப் போக வண்டி வாசல்ல நிக்குது. வியாழக்கிழமை கேஸை வச்சுக்கிட்டு நல்லா ஓடுறதைப் போய்..."

அலமாரிக்குப் பின்னாலிருந்து, பல்லுக்கிடையில் விளக்கோடு பதில் வந்தது: "நல்லா ஓடுதுன்னா பிடுங்கினாலும் ஓடட்டுமே. உனக்கென்ன பயம்?"

"பயமில்லம்மா. பசி."

எல்லோரும் சிரித்தார்கள். ஹிஸ்கெ பிடுங்கினார்.

சுவரில் மாட்டிய திரை முழுவதும் வெறுமையானது. வீடுகளின் ஈரத்தைக் காட்டிய வரைகோடுகள் எல்லாம் ஒன்றாக மறைந்தன. மேலாளர் நிரல் கன்டெய்னர்களை மற்றக் கணினிகளில் எழுப்பப் பார்த்தது. அங்கே அவற்றுக்கு அளவுகள் இல்லை. அளவுகளின் மூன்று நகல்களும் அணைந்த கணினிக்குள்ளேயே இருந்தன.

டௌவெயின் காது சிவந்தது. "மூணு நகல்னு எழுதினேன்... மூணும் வேற வேற மெஷின்ல இருக்கணும்னு எழுதலையே. இடம் அதிகமா இருந்த ஒண்ணுலயே மூணையும் போய் வச்சிருக்கு."

"கேக்காததை அது செய்யாதுடா. நம்மள மாதிரிதான்," என்றார் ஹிஸ்கெ. கம்பியை மறுபடி செருகினார். கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

யோர்தானோஸ் நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தார். "பழைய மெஷினும் போன பிறகு அந்த மெஷின் நிஜமாவே செத்திருந்தா?"

ஹிஸ்கெதான் சொன்னார்: "உங்க பையன் ரூமைப் பத்திப் பேச நிறுவனத்தோட சராசரி மட்டும்தான் மிஞ்சியிருக்கும்."

ரைட்ஸ வாசலுக்குப் போய் வண்டியைத் திருப்பி அனுப்பினார். டௌவெ விட்டுப்போன விதியை எழுதினார்: ஒரே அளவின் இரண்டு நகல்கள் ஒரு கணினியில் இருக்கக் கூடாது. நகல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கச் செய்தார். அவை இடம்பெயர்ந்து முடியும்வரை யாரும் கேக்கின் பக்கம் திரும்பவில்லை. விளக்குகள் மறுபடி பச்சையாயின. அந்தப் பச்சையைப் பார்த்து இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஹிஸ்கெ இம்முறை அலமாரிக்குப் பின்னால் போகவில்லை. சைக்கிள் விளக்கைக் கம்பளிச் சட்டைக் கையில் துடைத்து யோர்தானோஸிடம் நீட்டினார்.

"நீங்க போங்க. எதை வேணா பிடுங்குங்க. எதைன்னு எங்ககிட்ட சொல்லாதீங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாதேங்க."

"தெரிய வேண்டாம். வீடு உங்களோடது."

யோர்தானோஸ் முழங்காலிட்டார். பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. ஒரு விளக்கு சிவந்தது. கோடுகள் ஒரு கணம் தயங்கின, பிறகு நகர்ந்தன. மகனின் அறைக் கோடும் நகர்ந்தது.

டௌவெ மூச்சுவிட்டது எல்லோருக்கும் கேட்டது. ஹிஸ்கெ திரையைப் பார்க்கவில்லை. கத்தியின் பிடியை யோர்தானோஸ் பக்கமாகத் திருப்பி நீட்டிக்கொண்டு நின்றார்.

உங்கள் ஊரின் காற்றுக்கும் தண்ணீருக்கும் கூட யாரோ கணக்கு வைத்திருக்கிறார்கள். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று உங்களிடம் சொல்லியும் இருப்பார்கள். தலையாட்டிவிட்டு வராதீர்கள். நாளைக்கே போய், உங்கள் கண்முன்னால் ஒரு கம்பியைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள்.