செல்வம் மொழிபெயர்த்த கேள்வி

என் நோய் முதலில் தெரிந்தது என் நிரையில்தான். கவ்வாத்து வெட்டும்போது, அதாவது செடிகள் புதிதாகத் தழைக்கக் கிளைகளைக் கழிக்கும்போது, ஆளுக்கொரு நிரை, அதாவது தேயிலைச் செடிகளின் ஒரு வரிசை. இலங்கை மலையகத்தில் பசறைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், முன்னால் முடித்தவன் பின்தங்கியவனின் நிரையை மறுமுனையிலிருந்து வெட்டிக்கொண்டு வருவான். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல வருடம் அப்படி வெட்டிக் கொடுத்தவன் நான். போன மழைக்காலத்தில் எனக்கு வெட்டிக் கொடுத்தார்கள்.

நல்ல பழக்கம்தான். ஆனால் யாரும் பேசாததால் என் நோயும் வெளியே வராமல் கிடந்தது. சோறு இறங்கவில்லை. மகளின் சத்தம்கூடப் பாரமாக இருந்தது. நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று ஓர் எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. மனைவி சரஸ்வதி கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளாவது ஏதோ செய்தாள்.

பக்கத்து நிரைக்காரன் செல்வம் ஒருநாள் என் நிரையை வெட்டிக்கொண்டே வந்து எதிரில் நின்றான்.

"காய்ச்சல்னு கதை விடாத. ஒன் நெரைய எத்தன நாளைக்கும் வெட்டுவேன். ஆனா நீ நீயா இல்லயேடா. வா, பதுளைக்குப் போவோம்."

எங்களை வேலை வாங்குகிற கங்காணியிடமும் அவனே பேசினான். வாய் ஓயாமல் திட்டுகிற கங்காணி அன்று, "போயிட்டு வாங்கப்பா, வேலைய நான் பாத்துக்கிறேன்" என்றார்.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களவர். அவருக்குத் தமிழ் கொஞ்சம். எனக்குச் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவு. நடுவில் செல்வம். தூக்கமில்லை என்று மட்டும் சொல்லித் தப்பிக்க நினைத்திருந்தேன். டாக்டர் மெதுவாக ஏதோ கேட்டார். செல்வம் என் பக்கம் திரும்பினான்.

"சாகணும்னு நெனப்பு வருதான்னு கேக்குறாரு."

தலையாட்டினேன். அதை யாரும் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செல்வம், அவ்வளவு பெரிய ஆள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு நெஞ்சு லேசானது.

மனச்சோர்வு (வெறும் கவலை அல்ல; மனதையும் உடம்பையும் பிடிக்கிற, சிகிச்சையால் குணமாகிற நோய்) என்றார் டாக்டர். என்னைத் தனியாக விட வேண்டாம் என்று வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆயின. முதலில் பசி திரும்பியது. இடையில் நானே பெரிய டாக்டராகி மாத்திரையை நிறுத்த, மறுபடியும் மோசமானது. இந்த முறை மறைக்காமல் செல்வத்திடம் சொன்னேன்; அடுத்த பஸ்ஸில் பதுளைக்குக் கூட்டிப் போனான். தேறும்வரை கங்காணி நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கொடுத்தார்.

உங்களுக்கும் அந்த எண்ணம் வந்தால் இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். கூட வேலை செய்கிறவரின் முகம் சரியில்லை என்றால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. செல்வத்துக்கு நன்றி சொன்னால், "போடா, வேலையப் பாரு" என்கிறான். அதனால் இங்கே எழுதுகிறேன்.

போன வாரம் பசறையில் மகளுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கினோம். கடைக்காரர் காலுக்கு அளவாக எடுத்தார்.

"கொஞ்சம் பெருசாக் குடுங்க, அடுத்த வருசமும் போடணும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சரஸ்வதி என்னையே பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம், "அவர் சொன்னதையே குடுங்க" என்றாள்.