நான் சொல்லாத ஒரு பொய்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சால்வை என்று அறிவித்தார்களே தவிர, அது வெண்ணந்தூர்ப் பக்கம் நெய்த பருத்தித் துண்டு. இன்னும் தண்ணீர் காணாதது. கழுத்தில் விழுந்ததும் நூலுக்குப் போடும் கஞ்சியின் வாடை மூக்கில் ஏறியது. போதகர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். என் பேரன் வயதுதான் அவருக்கு.

"ஐயா அரசாங்க வேலையை ஊழியமா நெனச்சுச் செஞ்சவரு. ஒருநாளும் பொய் பேசுனதில்ல. அப்படித்தானுங்களே ஐயா?" என்று என் பக்கம் திரும்பினார்.

நான் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்குள் அந்தக் கஞ்சி வாடை என்னைப் பாவாயி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

நான் தொழுநோய்ப் பிரிவில் களப்பணியாளனாக இருந்தவன். நோயைக் கண்டுபிடிப்பது, மாத்திரை கொடுப்பது, அதை என் கண்முன்னால் விழுங்க வைப்பது. இவ்வளவுதான் வேலை. ராசிபுரத்தைச் சுற்றி ஊர் ஊராகச் சைக்கிளில் போவேன். தோலில் தேமல்போல் இருக்கும் இடத்தைப் பேனா முனையால் தொட்டு, "கண்ண மூடிக்கிட்டு, எங்க தொடறேன்னு காட்டுங்க" என்பேன். விரல் இடம் தெரியாமல் காற்றில் தடுமாறினால் அங்கே உணர்ச்சி இல்லை, நோய்தான் என்று அர்த்தம். எத்தனை வருஷம் பார்த்தும் அந்தத் தடுமாற்றம் எனக்குப் பழகவில்லை.

என்னைப் போதகராக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. எனக்குப் பாட்டு வராது. பிரசங்கம் தொடங்கினால் தூக்கம் வரும். ஆனால் வேலைக்கான உத்தரவு வந்த அன்று முழங்காலில் நின்று, இதுதான் எனக்கு வந்த அழைப்பு என்று கடவுளிடம் என்னை ஒப்புக்கொடுத்தேன். அதை மனசாரத்தான் செய்தேன். ஆனால் கூடவே ஒரு கர்வமும் வந்து ஒட்டிக்கொண்டது. நோயாளிகள் வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பேன். தாகம் இருக்கிறதோ இல்லையோ, நாலு பேர் பார்க்கும்படி வாசலில் நின்று குடிப்பேன்.

பாவாயி கணவனை இழந்தவர். கைத்தறி நெய்து, சரசு என்ற ஒரே மகளை வளர்த்துக்கொண்டிருந்தார். முழங்கைக்கு மேலே ஒரு படை. நோய்தான் என்று சொன்னபோது அவர் அழவில்லை.

"தறி போடலாமுங்களா சார்?"

"தாராளமாப் போடலாம். ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டா முழுசாக் குணமாயிடும்."

"அப்பச் சரி. ஆனா நீங்க எங்க ஊட்டுப் பக்கம் வரவேண்டாமுங்க. எம்புள்ளயக் கட்டிக்குடுக்கோணும். நீங்க வந்து நின்னா ஊரே எண்ணிப் பாக்கும், யாருக்கு யாருக்குன்னு."

ஊர் எல்லையில் ஒரு பம்ப்செட் ரூம் இருந்தது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை துணி துவைக்க வருவதுபோல் மூட்டையோடு அங்கே வந்துவிடுவதாகச் சொன்னார். வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். சொன்னபடி அவர் வந்தார். வாய்க்கால் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, என் முன்னால் மாத்திரையை விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டுவார். அந்த மாத்திரை சிறுநீரைச் சிவப்பாக்கும். "ஏனுங் சார், இது மருந்தா, சாயமா? தறிக்காரிக்கே சாயம் போடறீங்களே" என்று ஒருமுறை சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்தப் பம்ப்செட் ரூமில்தான்.

ஒரு மாதம் அவர் வரவில்லை.

மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பதினொரு மணிவரை காத்திருந்தேன். இரண்டு நாள் தாமதமானால் ஒன்றும் கெட்டுப்போகாது. அது எனக்குத் தெரியும். ஆனால் என் பகுதியில் ஒருவர்கூட மருந்தை விடவில்லை என்று ஒவ்வொரு ஆய்வுக்கூட்டத்திலும் என் பெயரைச் சொல்வார்கள். அதைக் கடவுளுக்கு நான் வைக்கும் காணிக்கை என்று நினைத்திருந்தேன். சைக்கிளை அங்கேயே நிறுத்திவிட்டுப் பையோடு நடந்தேன். சைக்கிளை வீட்டு முன்னால் கொண்டுபோகாத அளவுக்கு வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு திருப்தி வேறு.

வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. அப்போதே திரும்பியிருக்கலாம். உள்ளே எடப்பாடியிலிருந்து சரசுவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கையில் கேசரித் தட்டு. மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னைப் பார்த்து, "வாங்க, வாங்க. சார் யாருங்க?" என்றார்.

பாவாயி முந்திக்கொண்டார். "கைத்தறி சொசைட்டி சாருங்க. நூல் வெசயமா வந்திருக்காரு."

"அப்படிங்களா சார்?" என்றார் அவர்.

நான் தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். ஆனால் நான் பொய் சொல்லாத கிறிஸ்தவன்.

"இல்லீங்க. நான் தொழுநோய்ப் பிரிவு" என்றேன்.

அதோடு நிறுத்தினேனா? இந்த ஜனங்களின் பயத்தைப் போக்கக் கடவுள் கொடுத்த சந்தர்ப்பம் இது என்று தோன்றியது. பயப்பட ஒன்றுமில்லை, பரம்பரையாக வராது, குணமாகிவிடும் என்று நின்றபடியே விளக்கினேன். என் வாழ்க்கையில் நான் தடுமாறாமல் செய்த ஒரே பிரசங்கம் அதுதான். நான் பேசப் பேசத் தட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"இங்க யாருக்குங்க?" என்றார் தாய்மாமன்.

நோயாளியின் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதியையும் நான் மீறமாட்டேனே. வாயை மூடிக்கொண்டேன். அத்தனை கண்களும் சரசுவின் மேல் போயின. அவள் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். அவள் கையில் ஒன்றுமே இல்லை.

பாவாயி கையை நீட்டி முழங்கைக்கு மேலே காட்டினார். "எனக்குத்தானுங்க. பாத்துக்கங்க. புள்ளைக்கு ஒன்னுமில்லீங்க. பச்சப்புள்ளைங்க அது."

"போயிச் சேதி சொல்லி உடறமுங்க" என்று எழுந்தார்கள். எந்தச் சேதியும் வரவில்லை.

அவர்கள் போன பிறகு பாவாயி என்னிடம் உள்ளங்கையை நீட்டினார். நான் மாத்திரையை வைத்தேன். விழுங்கினார். வழக்கம்போல் நாக்கை நீட்டிக் காட்டினார். பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"ஒரு வார்த்த பொய் சொல்லியிருந்தா உங்க சாமி கோவிச்சுக்குமுங்களா சார்?"

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். படியிறங்கும்போது, "இனி ஊட்டுக்கே வாங்க. சைக்கிளையும் வாசல்லயே நிறுத்துங்க" என்றார்.

மிச்ச மாதங்கள் அப்படியே போனேன். ஒரு மாதமும் அவர் தவறவிடவில்லை. குணமானார் என்று அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆய்வுக்கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார்கள். சரசு கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போனாள். கல்யாணம் ஆகவில்லை என்று கேள்விப்பட்டேன். பாவாயி இறந்த செய்தி வந்தபோது நான் ஓய்வுபெற்றிருந்தேன். நான் குடியிருக்கும் சேலத்திலிருந்து ஒரு மணிநேரப் பயணம். போகவில்லை. கால் வலி என்று வீட்டில் சொன்னேன், அது பொய்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒருநாள் போய்ப் பார்த்தேன். வீடு இருந்த இடத்தில் விசைத்தறிக் கொட்டகை. அங்கிருந்தவருக்குப் பாவாயியைத் தெரியவில்லை. பம்ப்செட் ரூம் இல்லை. வாய்க்கால் தூர்ந்துவிட்டது, கிணற்றை மூடி மனை போட்டிருக்கிறார்கள். எங்கள் பிரிவும் இப்போது தனியாக இல்லை. சைக்கிள் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிற்று. அந்த நோய்க்கே இப்போது அவ்வளவாக ஆள் இல்லை. எல்லாம் போன பிறகும் அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. பதில் சொல்லலாம் என்றால் கேட்டவர் இல்லை.

போதகர் கேட்டதற்கு என்ன செய்தேன் என்று சொல்கிறேன் என்றேனல்லவா. "அப்படித்தானுங்களே ஐயா?" என்று அவர் கேட்டார். சபையே என்னைப் பார்த்தது. எழுந்து சொல்லியிருக்கலாம். அன்று பாவாயிக்காக ஆட்டாத தலையை எனக்காக ஆட்டினேன்.