கோட்டைத் தாண்டிய பந்து

பத்து வயதில் நான் சொன்ன பொய் ஜேர்மன் மொழியில் ஒரே ஒரு சொல். அதைச் சொன்னபோது அப்பா என்னிடமிருந்து நாலடி தூரத்தில் நின்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் முகம் சுடுகிறது.

அண்ணா அப்போது எங்கள் சிற்றூர் உதைபந்தாட்டக் கழகத்தின் முதல் அணியில் வலது பக்கம் ஓடுகிறவன். டுசல்டோர்ஃபிலிருந்து அரைமணி நேரப் பயணம். லீக் என்று பெயர்தான் பெரிது; அதற்குக் கீழே இன்னும் ஒரே ஒரு படிதான் இருந்தது. அந்த மட்டத்தில் நடுவர் ஒருவர் மட்டுமே வருவார். கோட்டோரம் கொடி பிடிக்க ஒவ்வொரு கழகமும் தன் ஆளையே நிறுத்த வேண்டும். எங்கள் கழகத்தில் அதற்கு யாரும் அகப்படவில்லை. அண்ணாவின் ஆட்டத்துக்குத் தவறாமல் வருகிற அப்பாவின் கையில் பயிற்சியாளர் ஒருநாள் கொடியைக் கொடுத்துவிட்டார்.

பந்து வெளியே போனால் கொடியை உயர்த்த வேண்டும், அவ்வளவுதான். அப்பா அதை ஒரு அரச உத்தியோகம் போலச் செய்தார். மழையிலும் அசையாமல் நின்றார். வசந்தம் வருவதற்குள் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், இடைவேளையில் கோப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

ஆனால் அந்தப் பருவம் முழுக்கத் தோற்றுக்கொண்டே இருந்தோம். வெளியூரில் நடந்த கடைசி ஆட்டத்தில் வென்றால் லீக்கில் தங்கலாம், இல்லையென்றால் இறங்க வேண்டும். இரு பக்கமும் ஆளுக்கொரு கோல். முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் அண்ணா பந்தைத் துரத்திக்கொண்டு எங்கள் பக்கமாக ஓடிவந்தான். அப்பாவுக்குப் பின்னால் நின்ற என் கண்ணுக்கு முன்னாலேயே பந்து கோட்டை முழுதாகத் தாண்டியது. சுண்ணாம்புக்கும் பந்துக்கும் இடையில் புல் தெரிந்தது. அண்ணா நிற்கவில்லை. உள்ளே இழுத்து உயர்த்தி அடித்தான். இன்னொருவன் தலையால் முட்டி வலைக்குள் போட்டான். எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். பிறகுதான் அப்பாவின் கொடி உயர்ந்து நிற்பதைக் கண்டேன்.

நடுவர் ஓடிவந்து விசாரித்தார். வெளியே போனது என்றார் அப்பா. கோல் இல்லையென்றாயிற்று. லீக்கும் போயிற்று.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் கழகத்து ஆட்கள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். பயிற்சியாளர் அண்ணாவிடம் கேட்டார். அவன் குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். அடுத்து என்னிடம் திரும்பி, நீ பக்கத்தில்தானே நின்றாய், பந்து வெளியே போனதா என்றார். அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன. ஆட்டம் பார்க்க வந்திருந்த என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே நின்றார்கள்.

இல்லை என்றேன்.

சொந்த மகளே சொல்கிறாள் என்று யாரோ சிரித்தார். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. அவள் நின்ற இடத்திலிருந்து அப்படித்தான் தெரிந்திருக்கும், பிள்ளையை விடுங்கள் என்று தன் உடைந்த ஜேர்மனில் சொன்னார். கொடியைச் சுருட்டிப் பயிற்சியாளரிடம் கொடுத்தார். அடுத்த பருவம் அதை வேறொருவர் பிடித்தார். அப்பாவை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

அன்று வீடு திரும்புகையில் கார் பாதி வழி வந்திருந்தது. முன் இருக்கையிலிருந்த அண்ணாதான் வாயைத் திறந்தான்.

"பந்து வெளியிலதான் போனது, அப்பா. நான் கண்டனான்."

"ஓம்" என்றார் அப்பா. பிறகு, "தங்கச்சிட்ட இதைப் பற்றி ஒண்டும் கேக்காதை" என்றார்.

என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது என்று அப்பா நம்பிவிட்டார், அதனால்தான் கேட்க ஒன்றுமில்லை என்று அந்த வயதில் நினைத்தேன். அந்த நிம்மதியில், வீடு வந்து சேரும்வரை பின் இருக்கையில் நன்றாக நித்திரை கொண்டேன்.