ரோலர் அச்சு

ரப்பர் ஷீட்டைக் கையில் எடுத்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். அப்புறம் மூக்கருகே கொண்டுபோவார். குலசேகரத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த கம்பெனிக் கிடங்கில் தரம் பிரித்த அண்ணாச்சியை நினைத்தால் அந்த நிற்பு ஞாபகம் வருகிறது. எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம்.

ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எஸ்டேட்களில் ரப்பர் பால் திருட்டு அதிகமாகிவிட்டதால், எந்த மரத்துப் பால் என்று தெரியாத ஷீட்டை வாங்கக்கூடாது என்று உத்தரவு. வேறு யாரும் அதை ஃபைலில் போட்டு மறந்திருப்பார்கள். அண்ணாச்சி வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பாலை உறையவைத்து ஷீட்டாக அடிக்கும் ரோலரில் ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் தனி அச்சு உண்டு. அது ஷீட்டில் பதிந்துவிடும். சில்லறை விவசாயி கொண்டுவரும் ஷீட்டில் எஸ்டேட் அச்சு இருந்தால் திருட்டு என்பது அவர் கணக்கு.

அப்படித்தான் எங்கள் ஊர் விதவை ஒருத்தியின் ஷீட்டுக் கட்டைத் திருப்பிவிட்டார். நாற்பது மரம்தான் அவளுக்குச் சொத்து.

"எனக்க மரத்துப் பாலாக்கும் அண்ணாச்சி. ரோலரு மட்டும்தான் எஸ்டேட்டுக்கது" என்றாள்.

அவர் கேட்கவில்லை. அவள் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். ரோலர் வாங்க வசதியில்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் ரோலரில் அடித்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். எங்கள் வீட்டு ஷீட்டிலும் அதே அச்சுதான். குமாஸ்தா வீட்டுச் சரக்கு என்று அதை யாரும் புரட்டிப் பார்த்ததில்லை. சொன்னால் என் பிழைப்புக்குக் கேடு வருமோ என்று பேசாமல் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து எஸ்டேட் சூப்பர்வைசர் பேச்சுவாக்கில் அந்த வழக்கத்தைச் சொன்னார். அண்ணாச்சி அன்றே அவள் தோட்டத்துக்கு நடந்தார். அதற்குள் அவள் மரங்களைக் கடும்வெட்டுக்கு விட்டிருந்தாள். பட்டையைச் சுற்றிலும் வெட்டி, மிச்சப் பாலையெல்லாம் வடித்துவிட்டு மரத்தை விறகாக்குகிற குத்தகை அது. எல்லா மரத்திலும் கத்தி விழுந்திருந்தது.

திரும்பி வந்தவர் நேராக என் மேஜைக்கு வந்தார். கேட்டார்: "உங்க வீட்டு ஷீட்டு எங்க வச்சு அடிக்கது மக்கா?"

சொன்னேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. அதன்பிறகு புதிதாக யார் சரக்குக் கொண்டுவந்தாலும் முதலில் அவர்கள் தோட்டத்துக்குப் போய் மரத்தைப் பார்த்துவிட்டு வருவார்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டுக் கட்டு வந்தது. அதைத் திருப்பி அனுப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஒவ்வொரு ஷீட்டாகப் புரட்டிப் பார்த்து, நல்ல தரம் என்று எடுத்துக்கொண்டார்.