வேண்டாம் என்று சொல்லாத பெட்டி

அண்ணி கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்த சாமான்களில் ஒரு சிறிய மரப்பெட்டியும் இருந்தது. பீடியைவிட மெல்லியதாகச் சுருட்டிய காகிதச் சீட்டுகள் அதற்குள் நெருக்கமாக நிற்கும். சீட்டுக்கு ஒரு வேத வசனம். ஆண்டவர் கொடுத்த வாக்குகள் என்பதால் வாக்குத்தத்தப் பெட்டி என்பார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் புத்தாண்டன்று ஆளுக்கொரு சீட்டு எடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். அண்ணி வருஷம் முழுக்க அதற்கு வேலை கொடுத்தார். சைக்கிள் வாங்கலாமா, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகலாமா, எதுவானாலும் ஜெபம் செய்து, கண்ணை மூடி ஒரு சீட்டு எடுப்பார். ஒரு காரியத்துக்கு ஒரே சீட்டு. மறுபடி எடுப்பது ஆண்டவரைச் சோதிப்பதாகும் என்பார்.

நெய்வேலியில் அப்போது இன்னும் நிலக்கரி கண்ணில் படவில்லை, மண்ணைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அண்ணனின் தற்காலிகக் குவார்ட்டர்ஸில் தங்கி, ஒரு நாளிதழுக்குத் துண்டுச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். அண்ணன் சுரங்கக் குழிக்கு மேலே ஒர்க் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். ஒரு வெள்ளிக்கிழமை அவரைக் கூப்பிட்டு, சுரங்கத்துக்குள் பம்ப் பிரிவுக்கு வந்தால் பெர்மனன்ட் ஆக்குவதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

பெர்மனன்ட் என்ற சொல்லுக்கு டவுன்ஷிப்பில் இருந்த மதிப்பு வேறு எந்தச் சொல்லுக்கும் இல்லை. ஆனால் கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதை இறைத்துக் குறைக்கும் பம்புகள் ராப்பகலாக ஓடின. அவை நின்றால் குழி ஏரியாகிவிடும் என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அண்ணிக்கு அந்தப் பேச்சு முழுவதும் மனப்பாடம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபம் முடிந்து அண்ணி சீட்டு எடுத்தார். தண்ணீரைக் கடந்து போகும்போதும் கூட இருப்பேன் என்ற பொருளில் வந்தது வசனம். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது என்றார். தண்ணீர் வரும் என்றல்லவா அது சொல்கிறது என்றார் அண்ணி.

மறுநாள் காலை குழாயடியில் பக்கத்து வீட்டம்மா அண்ணியின் முகத்தைப் பார்த்து விசாரித்தார். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் கணவர் ஏற்கெனவே சுரங்கத்தில் இருந்தார். அண்ணி பெட்டி விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்தார். “எங்க ஊர்ல கிளிதான் சீட்டு எடுக்கும். உங்க வூட்ல நீயே எடுக்கிற, கிளிக்கு நெல்லு மிச்சம்” என்றார். பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, “நாங்க கோயில்ல பூக் கட்டிப் போட்டுப் பாப்பம். வெள்ளப் பூ, செவப்புப் பூ. ஒண்ணு வந்தா செய்யி, இன்னொண்ணு வந்தா வேணாம். உங்க பொட்டியில எதும்மா வேணாங்குது?” என்று கேட்டார்.

கிளி ஜோசியத்தோடு பெட்டியைச் சேர்த்ததில் அண்ணிக்குக் கோபம். ஆனால் பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்த ஆராதனையின்போது அவர் மனம் அங்கே இல்லை. வீட்டுக்கு வந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல், பெட்டியைப் பாயில் கவிழ்த்தார். ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து வாசித்தார். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. அண்ணன் இரண்டு முறை உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

“ஒண்ணுலயும் வேண்டாம்னு இல்ல,” என்றார் அண்ணி கடைசியில்.

“அப்ப போகலாம்னுதான அர்த்தம்?” என்றார் அண்ணன்.

“போகாம ஒர்க் ஷாப்புலயே இருந்தாலும் இதேதான் சொல்லும். கூட இருப்பேன்னுதான் எல்லாத்துலயும் இருக்கு. எங்க போகணும்னு எதுலயும் இல்ல.”

அண்ணன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். இதுவரை வாங்கிய சைக்கிளையும் போன பயணங்களையும் அவர் நினைத்திருக்கலாம். “நீ என்ன சொல்லுத?” என்று கேட்டார். அந்த வீட்டில் அந்தக் கேள்வி அதற்கு முன் என் காதில் விழுந்ததில்லை. கேட்கவேண்டிய இடத்தில் எப்போதும் பெட்டி இருந்தது.

“கரண்டு போச்சுன்னா அந்த பம்பு என்ன ஆகும்?”

அண்ணனுக்குத் தெரியவில்லை.

“அதக் கேட்டுட்டு வாங்க. பிறகு சொல்லுதேன்.”

அன்று மாலையே அண்ணன் பக்கத்து வீட்டுக்காரரோடு சைக்கிளில் போய், ஷிப்ட் முடிந்து வந்த பம்ப் ஆட்களிடம் பேசிவிட்டு வந்தார். கரண்டு போனால் ஓட்டுவதற்கு டீசல் எஞ்சின்கள் தனியாக நிற்கின்றன, ஒரு பம்ப் நின்றால் அடுத்ததை ஓட்ட ஆள் உண்டு, ஏறி வருவதற்குச் சரிவான பாதை இருக்கிறது. சிமென்ட் தரையில் கரித்துண்டால் கோடு போட்டு அவர் காட்ட, அண்ணி குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாம் கேட்ட பிறகும் பயம் போகவில்லை என்று சொல்லிவிட்டு, “போங்க” என்றார். அதன் பிறகுதான் இருவரும் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள்.

திங்கட்கிழமை அண்ணன் சரி என்று பதில் சொன்னார். அவர் ஷிப்டுக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அண்ணி வாசல்வரை வந்து, கரண்டு இருக்கிறதா என்று உள்ளே திரும்பி விளக்கைப் பார்ப்பார். பிரித்த சீட்டுகளைப் பழையபடி இறுக்கமாகச் சுருட்ட அவருக்கு வரவில்லை. பாதிதான் பெட்டிக்குள் அடங்கியது. மீதியை ஒரு ஓவல்டின் டப்பாவில் போட்டு, புத்தாண்டு வரட்டும் என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.