பெருக்குகிற பெண்களுக்கு ஒரு கக்கூஸ்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. மறதியும் கூடிவிட்டது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி ஒரு சின்ன டவுனுக்கு வந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் அங்கே மாவட்ட மன்றத்தில் ரோடு கூட்டும் வேலை கிடைத்தது. நாங்கள் எல்லாரும் பெண்கள். விடியுமுன் விளக்குமாற்றோடு இறங்கினால் மத்தியானம் வரை ஒதுங்க இடம் கிடையாது. காப்பிக்கடைக்காரர் மனசு வைத்தால் உண்டு. இல்லாவிட்டால் அடக்கிக்கொண்டே கூட்ட வேண்டும்.

எங்களுக்கும் மன்றத்துப் பெரிய அதிகாரியான துவானுக்கும் நடுவில் ஒரு சூப்பர்வைசர். நம் தமிழ் ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் வாசகத்தைக் கணீரென்று வாசிப்பார். எங்களில் வாய்த்துடுக்கான அக்கா ஒருவர் அவரிடம் நேராகவே கேட்டார்.

"அண்ணே, பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தரச் சொல்லுங்க."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி சரி, மேல சொல்றேன்லா. சத்தம் போடாதீங்க."

மாதக்கணக்கில் போனது. கேட்டால், "மேல இருக்கு" என்பார். ஒரு நாள் ஆட்கள் வந்து சந்தை கூடும் பாசார் ஓரத்தில், வெட்டவெளியில், ஒரு தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

"என்னண்ணே இது?"

"மீட்டிங்ல அந்த வார்த்தைய எப்படிம்மா சொல்றது? தண்ணி வசதி வேணும்னு சொன்னேன்."

"அப்ப நடுரோட்டுலயே குந்தச் சொல்றீங்களா?" என்றார் அக்கா. எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

பிறகு துவானே குழாயைப் பார்க்க வந்தார். தன்மையான மலாய்க்காரர். எல்லாம் சரிதானே என்று எங்களைக் கேட்டார். அன்று பார்த்து அக்கா லீவு. சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம் என்றார். எனக்கோ காலையிலிருந்தே அடிவயிறு வலி. துவானை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அன்றும் தரையைப் பார்த்தபடியே, "துவான், காமி மாவ் ஜாம்பான்" என்றேன். எங்களுக்குக் கக்கூஸ் வேண்டும். அவ்வளவுதான் சொன்னேன்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று துவான் சூப்பர்வைசரைக் கேட்டார். "இப்போதுதான் கேட்கிறார்கள், துவான்" என்று மலாயில் கூசாமல் சொன்னார் மனுஷன்.

கக்கூஸ் வந்தது. கதவு, தாழ்ப்பாள் எல்லாம் இருந்தன. சூப்பர்வைசர் அதற்கு ஒரு பூட்டும் போட்டு, சாவியைத் தன் மோட்டார்சைக்கிள் சாவியோடு கோத்துக்கொண்டார். எந்த ரோட்டில் இருக்கிறார் என்று தேடிப் போய், "அண்ணே, சாவி" என்று நிற்க வேண்டும். ஏன் என்று கேட்டால், "மேலிடத்து உத்தரவும்மா."

துவான் அப்படிச் சொல்லியிருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை. கூட வேலை செய்தவர்களுக்கு எந்த ஊர் என்று தெரியும். அவர்களில் யாராவது அந்தப் பூட்டு யாருடைய யோசனை என்று விசாரித்துச் சொல்லுங்கள். எழுபதுகளின் கடைசி என்றேனே, அந்த வருஷத்தையும் சரிபார்த்துவிடுங்கள்.