எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய கார்

மலேசியாவில் பீடோங் பக்கத்து ரப்பர் எஸ்டேட் முனீஸ்வரர் கோயில் வாசலில் அன்று இருந்தவர்கள்: நான். என் மனைவி. எங்கள் மகள். என் அம்மா. என் தம்பி. பூசாரி.

புதுக் கார், எங்கள் பேச்சில் காடி, பூசைக்கு நின்றது. கார் என் மனைவியுடையது. சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு வேலை முடியும் நேரம் மாறி மாறி வந்தது, தொழிற்சாலை பஸ் ஒத்துவரவில்லை. தானே போய்க் கார் ஓட்டப் படித்தாள். தவணையும் அவள் சம்பளத்தில்தான்.

அதுவரை விடியற்காலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய் விடுவேன். பிறகு பால்மரம் சீவப் போவேன். என்னிடம் மோட்டார் லைசென்ஸ் மட்டும்தான். இப்போது அந்த நேரத்தில் மகளுக்குச் சோறு கட்டுகிறேன்.

பூசைக்கு முதல்நாள் அவள் ஒன்று சொன்னாள். தம்பி முதலில் ஓட்டிவிட்டால் எல்லார் வாயிலும் அது தம்பி கார் ஆகிவிடும், அது மட்டும் வேண்டாம் என்றாள்.

பூசாரி ஒவ்வொரு டயருக்கு அடியிலும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். முதல் ஓட்டத்தில் அதை நசுக்க வேண்டும். ஒரு பழம் உருண்டு தப்பினாலும் ஆகாது என்பார்கள். வீட்டு ஆம்பளைதான் ஏற்றுவது. அவர் யாரையும் கேட்கவில்லை. என் கையில் சாவியைக் கொடுத்துக் கதவைத் திறந்தார். நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"அண்ணே, இது மோட்டார் இல்ல லா. கால கீழ ஊனிடாதீங்க."

மகள்கூடச் சிரித்தாள். அம்மா என்னை இறங்கச் சொன்னார். தம்பி ஏறட்டும், முதல் தடவை பொம்பளை ஏற்றக் கூடாது என்றார். தம்பி கதவுக்கு வந்துவிட்டான். என் மனைவி சூடத் தட்டைப் பிடித்தபடி சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கினேன். சாவியை அவளிடம் நீட்டினேன்.

"அவ காடிம்மா. அவளே ஏத்தட்டும்."

"அப்ப நீ என்னடா செய்வ?"

"பக்கத்துல ஒக்காந்துக்குறேன்."

தட்டை என் அம்மா கையில் கொடுத்துவிட்டு அவள் ஏறினாள். நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். தம்பி ஒதுங்கி நின்றான். மெதுவாக நகர்த்தினாள்.

கார் நின்றதும் அம்மா குனிந்து தரையைப் பார்த்தார். நசுங்கிய பழங்களை விரலை நீட்டி எண்ணினார்.

நான்கு.